ஒரு துண்டு கேக்குக்கு உடம்பில் இடம் உண்டா?

பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்து, பாதி சாக்லேட் கேக் ஃபிரிட்ஜில் மிஞ்சியிருந்தது. நான் இனிப்பை அடியோடு விட்டு ஏழு வாரம் ஆகியிருந்த நேரம். இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் எடுக்கத்தான் கதவைத் திறந்தேன். ஓரத்தில் வழிந்திருந்த கிரீமை மட்டும் விரலால் வழித்தேன். பிறகு, வெட்டிய பக்கம் கோணலாக இருக்கிறதே என்று கத்தியால் ஒரு கீற்று எடுத்து 'நேராக்கினேன்'. நேராக்கி நேராக்கியே முக்கால்வாசி காலி. தட்டு இல்லை, நாற்காலி இல்லை. ஃபிரிட்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் நின்றபடியே எல்லாம் நடந்தது. கேக் எப்படி இருந்தது என்று மறுநாள் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

குற்ற உணர்ச்சி அடங்கிய பிறகுதான் யோசித்தேன். உடம்புக்கு என்ன ஆயிற்று? ஏழு வாரக் கட்டுப்பாடு ஒரே இரவில் பாழா? ஆசைக்குத் தின்னும் ஒரு பண்டத்துக்கு நல்ல சாப்பாட்டு முறையில் இடமே கிடையாதா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 80 கிராம் எடையுள்ள ஒரு துண்டு கேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்முறைக்குச் செய்முறை மாறும் என்றாலும், தோராயமாக 25 கிராம் சர்க்கரை, 20 கிராம் மாவுச்சத்து, 15 கிராம் கொழுப்பு, 4 கிராம் புரதம் இருக்கலாம். சர்க்கரை, மாவுச்சத்து, புரதம் மூன்றும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கூட்டினால் ஏறத்தாழ 330 கலோரி. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு இது ஆறில் ஒரு பங்கு, லேசுப்பட்ட அளவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு துண்டு என்றால், அந்த வாரத்தின் 14,000 கலோரியில் நூற்றுக்கு இரண்டரை பங்குகூட வராது. உடம்பு நள்ளிரவில் கணக்கை முடித்துக் கடையைச் சாத்துவதில்லை. கொழுப்பு சேர்வதும் கரைவதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போன பழமொழி, அந்த அளவு எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஓர் எண்ணைக் கொடுத்தது. நாம் உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. 2,000 கலோரிக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், அதாவது சுமார் 12 டீஸ்பூன். நம் கேக் துண்டு அதில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. 330 மில்லி கோலா ஒரு கேன் 35 கிராமைத் தனியாக விழுங்கிவிடுகிறது. காலை முதல் குடித்த சர்க்கரை போட்ட காபி, டீயை யாரும் எண்ணுவதே இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இடம் உண்டு என்றாலும் அது எல்லோருக்கும் ஒரே அகலம் கிடையாது. நார்ச்சத்து, புரதம், இரும்பு, கால்சியம், வைட்டமின்கள் எல்லாவற்றுக்கும் முதலில் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் தின்பண்டத்தின் பங்கு. ஓடியாடி உழைக்கும் இருபது வயதுக்காரருக்கு அது தாராளமாக மிஞ்சும். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் அறுபது வயதுக்காரருக்குக் கலோரித் தேவை குறைந்துவிடுகிறது, சத்துத் தேவை குறைவதில்லை. அவருக்கு இடம் குறுகல்.

இனி கேக்கோடு நாமும் உள்ளே இறங்குவோம். சாப்பிடாத நேரத்தில் ஒரு பெரியவரின் ரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. அந்த ரத்தத்தை நோக்கி 45 கிராம் சர்க்கரையும் மாவுச்சத்தும் வருகின்றன. மொத்தமும் ஒரே நேரத்தில் கலந்தால் விபரீதம். அதைத் தடுப்பது இரைப்பையின் அடிவாசலில் இருக்கும் தசைவளையம். அது உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் விடும். கொழுப்போ புரதமோ சிறுகுடலை எட்டியதும், அங்கிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் 'மெதுவாக அனுப்பு' என்று இரைப்பைக்குச் சொல்கின்றன. நார்ச்சத்து கூழாகி, சர்க்கரை குடல் சுவரை அடையும் வேகத்தைக் குறைக்கிறது. காய்கறியும் பருப்பும் முட்டையும் உள்ளே போன பிறகு வரும் கேக், நெரிசலான சாலையில் மாட்டிய வண்டிபோல ஊர்ந்துதான் ரத்தத்துக்குப் போகும். வெறும் வயிற்றில் தின்ற இனிப்புக்கு வழி காலியாகக் கிடக்கிறது. அளவு ஒன்றுதான், வேகம் வேறு.

ரத்தத்துக்கு வந்த குளுக்கோஸை இன்சுலின் ஒதுக்குகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவில் வைக்க இடமுண்டு. உட்கார்ந்தே இருந்தால் அந்தக் கிடங்கு பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். நடந்தால் காலியாகும், அதோடு, சுருங்கி விரியும் தசை இன்சுலினின் தயவு இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடப்பது ஏன் நல்லது என்பதற்கு இதுதான் காரணம். கேக்கை 'எரித்துவிடலாம்' என்று மட்டும் நினைக்க வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் அது முடியாது. சர்க்கரை உச்சத்துக்குப் போகாமல் தணிப்பதோடு நடையின் வேலை சரி.

கடிப்பதா, குடிப்பதா என்பதிலும் விஷயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 15 பேருக்கு நான்கு வாரம் நாள்தோறும் 450 கலோரி ஜெல்லி மிட்டாய் கொடுத்தார்கள். இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைச் சோடா பானமாகக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தம்மையறியாமல் மற்ற சாப்பாட்டை ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். குடித்த வாரங்களில் யாரும் எதையும் குறைக்கவில்லை, எடை ஏறியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மெல்லாமல் சட்டென்று உள்ளே போகும் கலோரியை உடம்பு சரியாக எண்ணுவதில்லை என்பது மற்ற ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது. என்னைக் கேட்டால், ஆசைக்கு ஒதுக்கிய இடத்தைப் பானத்துக்குக் கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இனிப்பைக் கண்டதும் இடம் பிறக்கிறதே, அது எப்படி? திகட்டல் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. திகட்டுவது வயிறு மட்டும் இல்லை, அந்தக் குறிப்பிட்ட சுவையும்தான். 1981-இல் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்து காட்டினார்கள். ஓர் உணவை நிறையச் சாப்பிட்டவருக்கு அந்த உணவின் மீதான விருப்பம் சட்டென்று குறைகிறது. இன்னும் தொடாத உணவின் மீதான விருப்பம் அப்படியே நிற்கிறது. உப்பும் புளிப்புமாகச் சாப்பிட்டு முடித்தவருக்கு இனிப்பு புது ஆள். வகைவகையாகத் தின்றால்தான் எல்லாச் சத்தும் கிடைக்கும் என்பதால் இந்த ஏற்பாடு நம் முன்னோருக்கு உதவியிருக்கும். பத்து விதத் தின்பண்டத்தைப் பரப்பி வைத்த மேசையில் அதுவே நம்மைக் கவிழ்க்கிறது. ஒரே ஒரு வகையை எடுத்துவைத்து உட்கார்ந்தால், திகட்டல் நமக்காக வேலை செய்யும்.

அடுத்தது மூளை. சர்க்கரை தின்றால் டோபமின் என்ற மூளை ரசாயனம் 'பொங்கும்', ஆகவே அதுவும் ஒரு போதை என்று படித்திருப்பீர்கள். சங்கதி அதைவிட நுணுக்கமானது. 1990-களில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது அவை துள்ளின. ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகியதும், துள்ளல் சைகைக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது நரம்பணுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. சைகை வந்து சாறு வராவிட்டால் அவை வழக்கத்துக்கும் கீழே அடங்கின. தினமும் நாலு மணிக்குப் பிஸ்கட் தின்பவருக்குக் கடிகாரமே அந்தச் சைகை. நாலு மணிக்குத் துடிப்பு எழும், பிஸ்கட் தரும் சந்தோஷம் சாதாரணமாகிவிடும், கிடைக்காத நாளில் எரிச்சல் வரும். வேண்டும் என்ற தவிப்பும் பிடிக்கிறது என்ற ருசிப்பும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள் என்று கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகள் காட்டின. தவிப்பு ஏறி, ருசிப்பு இறங்கிப்போன பண்டத்தைத் தின்பண்டம் என்பதைவிடப் பழக்கம் என்பதே பொருத்தம்.

அப்படியானால் அடியோடு விட்டுவிடலாமே? நான் செய்தது அதைத்தான். என் ஃபிரிட்ஜ் இரவுக்கு விளக்கம் 1975-இலேயே கிடைத்திருக்கிறது. பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள், சுவை பற்றிய சோதனை என்று சொல்லி மாணவிகளை அழைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் ஐஸ்கிரீமை அதிகம் சாப்பிட்டார்கள்! அதான் கெட்டுப்போச்சே, இனி என்ன என்ற நினைப்பு. பின்னால் நடந்த சோதனைகளில், முதலில் கொடுத்த உணவின் உண்மையான கலோரியைவிட, 'நிறையக் கலோரி' என்று அவர்களிடம் சொல்லிவைத்ததே அவர்களைக் கவிழ்த்தது தெரிந்தது. நான் விரலால் வழித்த கிரீம் இருபது கலோரி இருந்திருக்கும். மீதி எல்லாம் 'கெட்டுப்போச்சு' என்ற எண்ணத்தின் கைவரிசை.

குழந்தைகளிடமும் இது தெரிகிறது. 1999-இல் ஜெனிஃபர் ஃபிஷரும் லீயன் பர்ச்சும் மூன்றிலிருந்து ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு எட்டாதபடி, ஒரு தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி ஜாடிக்குள் வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். குழந்தைகளின் பேச்சும் கேட்பும் கையும் அந்த ஜாடியைச் சுற்றியே வந்தன. 'காயைத் தின்றால் சாக்லேட்' என்ற பேரத்திலும் இதே கோளாறு உண்டு: சாக்லேட்டின் மதிப்பு ஏறுகிறது, காய் தண்டனையாகிறது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டுப்பாடும் இப்படித் திருப்பி அடிப்பதில்லை. எடை குறைப்பதற்காகத் திட்டமிட்டு, துணையோடு, மாதக்கணக்கில் உணவைக் குறைத்தவர்களுக்கு ஏக்கம் கூடாமல் தணிந்ததையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு பண்டத்தைத் தடை செய்துவிட்டு, அதையே அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வம்பு.

பல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் பல் மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. சில நிமிடத்தில் பல்லின் மேற்பரப்பில் பிஹெச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கி, எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். ஐந்து மிட்டாயை ஒன்றாகத் தின்றால் ஒரு தாக்குதல்; மணிக்கு ஒன்றாக ஐந்து முறை தின்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை. இதை மனிதர்களிடம் விரிவாகச் சோதித்த ஆய்வு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்வீடனின் விபெஹோல்ம் விடுதியில் 1940-களில் தொடங்கியது. ஒட்டிப்பிடிக்கும் டாஃபியைச் சாப்பாட்டுக்கு இடையே தின்றவர்களின் பல் சூறையாடப்பட்டது. சாப்பாட்டோடு சர்க்கரை எடுத்துக்கொண்டவர்களுக்குப் பாதிப்பு மிகக் குறைவு. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளின் பல்லை வேண்டுமென்றே கெடுத்து நடத்திய ஆய்வு அது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அந்த அறிவை அவர்களின் செலவில்தான் பெற்றோம்.

சிலருக்கு விதி தனி. நீரிழிவு உள்ளவர்களுக்கு இனிப்பே ஆகாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1994-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதைத் தளர்த்தியது: சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்த மொத்தக் கணக்குக்குள், வேறொன்றை விட்டுவிட்டு அதற்குப் பதிலாகச் சர்க்கரை உள்ள உணவை எடுக்கலாம். 'பதிலாக' என்ற சொல்லைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மருந்தோடு பொருத்தி அளவு சொல்ல வேண்டியது மருத்துவர். தொடங்கினால் நிறுத்தவே முடியாமல், அடிக்கடி மூச்சுமுட்டத் தின்று தவிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. அது சிகிச்சை தேவைப்படும் நோய், மனவுறுதிக் குறைவு கிடையாது.

மிஞ்சிய கேக்கை மறுநாள் காலை துண்டு போட்டு, தனித்தனியாகச் சுற்றி, உறைபெட்டியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து உட்கார்ந்தேன். விளிம்பு கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. உள்ளே ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.