சொல் விளக்கம்: லெதர்நெக் – வார்க்கழுத்தர்

லெதர்நெக் – பெயர்ச்சொல். 1. அமெரிக்க மரைன் படைவீரரின், அதாவது கப்பலில் சென்று கடலிலும் தரையிலும் போரிடும் தனிப் படையினரின், பட்டப்பெயர். 2. ‘லெதர்நெக்ஸ்’ என்ற பன்மை வடிவில், இல்லினாய் மாநிலம் மேக்கோம் நகரிலுள்ள வெஸ்டர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்குப் பெயர். தமிழில்: வார்க்கழுத்தர்.

‘லெதர்’ என்றால் பதனிட்ட தோல், ‘நெக்’ என்றால் கழுத்து. ஆனால் சேர்ந்து நிற்கும்போது அது கழுத்தையும் குறிக்காது, தோலையும் குறிக்காது. தோலைக் கழுத்தில் கட்டிய ஆளைக் குறிக்கும். ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வளையல் வந்ததாக யாரும் பொருள் கொள்வதில்லை அல்லவா? அதே அன்மொழித்தொகைதான் இது. தமிழாக்கத்தில் வரும் பிழைகள் பெரும்பாலும் இதைக் கவனிக்காததால் வருபவை. அவற்றைப் பார்க்கும் முன், அந்தத் தோல் எப்படிக் கழுத்துக்கு வந்தது என்று தெரிய வேண்டும்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகளில் சட்டைக் கழுத்தின் மேல் ‘ஸ்டாக்’ என்ற விறைப்பான பட்டை ஒன்றைக் கட்டுவது வழக்கம். துணியிலும் குதிரை மயிரிலும் செய்தவை உண்டு. சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது பெரும்பாலும் தோல். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 செப்டம்பர் 5 அன்று, மரைன் வீரர்களுக்கான உடையை அங்குள்ள கடற்படைக் குழு வரையறுத்தது. வெள்ளை மடிப்பு வைத்த பச்சை மேலங்கியும் உயரமான தோல் கழுத்துப் பட்டையும் அதில் இருந்தன. போர் முடிந்ததும் அந்தப் படை கலைந்தது. 1798 ஜூலை 11 அன்று சட்டம் இயற்றி மரைன் படையை மீண்டும் நிறுவினார்கள். அந்த ஆண்டின் உடை ஒதுக்கீட்டில் ஆளுக்கு ஒரு கறுப்புத் தோல் ஸ்டாக், அதை மாட்ட ஒரு கொக்கி என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

பட்டையின் உயரம் ஏறத்தாழ 4 அங்குலம். மோவாய்க்கு நேர் கீழே அகலமாக இருந்து, பிடரி நோக்கிப் போகப் போக ஒடுங்கும். பின்பக்கம் சிறு கொக்கிகளால் இழுத்து மாட்டுவார்கள். உங்கள் கழுத்தில் நான்கு விரல்களைக் கிடையாக வைத்துப் பாருங்கள், மோவாய்க்கும் காறையெலும்புக்கும் நடுவே பெரிதாக இடம் மிஞ்சாது. அங்கே விறைத்த தோல் நின்றால் தலை தானாக நிமிரும். குனியவும் முடியாது, பக்கவாட்டில் எளிதாகத் திரும்பவும் முடியாது. அணிவகுப்பில் இது அழகாக இருக்கும். சுடும்போதுதான் தொல்லை. துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதித்து, குழல் வழியே கண்ணை ஓட்டிக் குறிபார்க்கக் கழுத்து வளைந்தாக வேண்டும். பட்டை அதற்கு இடம் கொடுக்காது. வெயிலில் வியர்வை ஊறி, காய்ந்து, மறுபடி ஊறும்போது தோலின் மேல் விளிம்பு இறுகி மோவாய்க்கு அடியில் அறுக்கும். போர்க்களத்தில் ஸ்டாக்கைக் கழற்றி வைக்கத்தான் எந்தச் சிப்பாயும் விரும்புவான்.

அப்படியானால் எதற்காக அணிந்தார்கள்? எங்கும் சொல்லப்படும் விடை: கப்பல் சண்டையில் எதிரியின் வாள் கழுத்தில் இறங்காமல் தடுக்க. மரைன் படையின் சொந்த வரலாற்றுக் குறிப்பும் வாள்வீச்சையும் நிமிர்ந்த தோற்றத்தையும் சேர்த்தே காரணமாகச் சொல்கிறது. பாய்மரக் கப்பல் காலத்து மரைன்களுக்கு வாள்வீச்சு தொலைவான ஆபத்தும் இல்லை. பாய்மரத்தின் மேடையில் ஏறி நின்று எதிரிக் கப்பலின் தளத்தைச் சுடுவார்கள். இரண்டு கப்பல்களும் உரசிக்கொண்டதும் அடுத்த தளத்தில் குதித்துக் கைகலப்பார்கள். மாலுமிகள் ஏந்திய ‘கட்லாஸ்’ என்ற குட்டை வாளின் வெட்டை நல்ல தோல் ஓரளவு தாங்கும்.

இருந்தாலும் காப்பை முதல் காரணமாக வைக்க என்னால் முடியவில்லை. கப்பலையே பார்க்காத தரைப்படைச் சிப்பாய்களும் அந்தக் காலத்தில் இதே பட்டையை அணிந்தார்கள். பிரிட்டிஷ் காலாட்படைக்கும் தோல் ஸ்டாக் உண்டு. காப்புக்கென்றே செய்திருந்தால், முன்பக்கம் அகலமாகவும் பிடரியில் ஒடுங்கியும் அமைத்திருக்க மாட்டார்கள். பக்கவாட்டிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழும் வெட்டை இந்த வடிவம் சரியாக மறிப்பதில்லை. தலையை நிமிர்த்தி வைக்கத்தான் இதைச் செய்தார்கள். காப்பு கூடவே கிடைத்த பயன். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரின் வளைந்த வாளுக்கு அஞ்சித்தான் இந்தப் பட்டை வந்தது என்றொரு கதையும் உலவுகிறது. அது கால வரிசையிலேயே உடைந்துவிடும். அந்தக் கொள்ளையரின் வட ஆப்பிரிக்கத் தளமான திரிப்போலியுடன் அமெரிக்கா போரிட்டது 1801 முதல் 1805 வரை. பட்டை 1798 உடைப் பட்டியலிலும், அதற்கு முன் 1776 ஆணையிலும் இருக்கிறது.

பெயரை வைத்தவர்கள் மாலுமிகள். கப்பலில் மாலுமிக்கும் மரைனுக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இருந்தது. மரைன் சண்டை வீரன் மட்டும் இல்லை, கப்பலின் காவலனும்தான். தலைவனின் அறை வாசலில் நின்றவன் அவனே. மாலுமிகள் கிளர்ந்தால் துப்பாக்கியைத் தூக்க வேண்டியவனும் அவனே. தளர்ந்த சட்டையோடு கயிறேறும் மாலுமியின் கண்ணுக்கு, கழுத்தைத் திருப்ப முடியாமல் விறைத்து நின்றவன் ‘தோல் கட்டின கழுத்துக்காரன்’. பிரிட்டிஷ் மாலுமிகளின் பேச்சிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் படைவீரனுக்கு வழங்கியது. பிரிட்டனின் ராயல் மரைன்களுக்கு இன்றும் ‘பூட்நெக்’ என்ற பெயர் உண்டு. பூட்ஸ் தோலைக் கழுத்தில் கட்டியவன் என்பது பொருள். பின்னாளில் அமெரிக்க மரைன்கள் கேலியைத் தாங்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள், பட்டப்பெயர் பெருமைப்பெயர் ஆயிற்று.

பட்டை 1872 வரை நீடித்தது. அதன்பின் சீருடைக் கழுத்தின் உட்புறம், முன்பக்கத்தில் மட்டும், பளபளப்பான கறுப்புத் தோல் கீற்று ஒன்றைப் பொருத்தினார்கள். இன்றைய மரைன்களின் நீலச் சடங்குச் சீருடையில் நேராக நிற்கும் கழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கொக்கிகளுக்குப் பின்னால் விறைப்பான துணித்துண்டு ஒன்று இருக்கிறது. பழைய ஸ்டாக்கின் எச்சம் அதுதான்.

இனி பல்கலைக்கழகம். வெஸ்டர்ன் இல்லினாய், 1899இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. அது ஆசிரியர் கல்லூரியாக இருந்த காலத்தில், 1926இல், ரே ‘ராக்’ ஹேன்சன் பயிற்சியாளராக வந்தார். முதல் உலகப் போரில் மரைனாகப் போரிட்டவர் அவர். அமெரிக்கக் கால்பந்து அணியை 1941 வரை அவரே நடத்தினார். அந்த அணி ஆடும் திடலுக்கு இன்று அவர் பெயர். 1927இல் அமெரிக்கக் கடற்படைத் துறையிடம் அவர் அனுமதி கேட்டார். மரைன் படையின் பட்டப்பெயர், முத்திரை, புல்டாக் சின்னம் ஆகிய மூன்றையும் கல்லூரி அணிகள் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தது. கடற்படைத் துறையை நாடியதற்குக் காரணம், மரைன் படை தனிப் படையாக இருந்தாலும் அந்தத் துறையின் கீழ் வருவது. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் போர்ப்பெயர் சூடியவை ஏராளம். ‘ட்ரோஜன்ஸ்’ முதல் ‘வாலண்டியர்ஸ்’ வரை அடுக்கலாம். உரிய படைத்துறையிடம் முறையாகக் கேட்டு வாங்கிய பெயர் என்பதில்தான் மேக்கோம் வேறுபடுகிறது. படைத்துறைக் கல்லூரி அல்லாத அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த அனுமதி தன்னிடம் மட்டுமே உண்டு என்று அது பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. நியாயமான பெருமைதான்.

புல்டாக் எப்படி வந்தது? இதற்கும் போர்தான் வேர். ‘டெவில் டாக்’, அதாவது பேய்நாய், என்பது மரைன்களின் மற்றொரு பட்டப்பெயர். 1918 ஜூனில் பிரான்சின் பெல்லோ காட்டுச் சண்டையில் மரைன்களின் மூர்க்கத்தைக் கண்டு ஜெர்மானியர் ‘டொய்ஃபெல் ஹுண்டன்’ என்று அழைத்ததாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தச் சொல் அந்த ஏப்ரலிலேயே அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்துவிட்டது, சண்டை தொடங்கியிருக்கவில்லை. வடிவமும் சரியான ஜெர்மன் அன்று, ‘டொய்ஃபெல்ஸ்ஹுண்டே’ என்றே இருக்க வேண்டும். ஆகவே எதிரி சூட்டிய பெயர் என்பதை வரலாறாக எழுத வேண்டாம், வழக்குக் கதை என்று எழுதுங்கள். அதே 1918இல் ஆள்சேர்ப்புச் சுவரொட்டி ஒன்றில், மரைன் தலைக்கவசம் அணிந்த புல்டாக் ஒன்று ஜெர்மன் தலைக்கவசம் அணிந்த ‘டாஷ்ஹண்ட்’ என்ற குட்டைக்கால் ஜெர்மன் நாயைத் துரத்தியது. 1922 அக்டோபர் 14 அன்று, ஜெனரல் ஸ்மெட்லி பட்லர் கையெழுத்திட்டு, ‘ஜிக்ஸ்’ என்ற புல்டாக் மரைன் படையின் குவாண்டிகோ முகாமில் படைவீரனாகவே பதிவு செய்யப்பட்டது. அந்த மரபின் கிளைதான் மேக்கோம் புல்டாக். பல்கலைக்கழகத்தின் உயிருள்ள நாய்க்கு ‘கர்னல் ராக்’ என்று பெயர். மரைன் சேமப் படையில் கர்னல் பதவி வரை உயர்ந்த ஹேன்சனின் நினைவாக. வேடமணிந்து திடலில் ஆடுவது ‘ராக்கி’.

இங்கே மூன்றைக் குழப்பாமல் பிரிக்க வேண்டும். லெதர்நெக்ஸ் என்பது அணிப்பெயர். புல்டாக்தான் மாஸ்காட். கழுகு, உலகுருண்டை, நங்கூரம் கொண்டது படையின் முத்திரை. ‘மாஸ்காட்’ பிரெஞ்சு வழி வந்தது; அதன் வேர், சூனியக்காரியைக் குறிக்கும் தென் பிரெஞ்சுச் சொல். நற்பேறு தரும் பொருள் என்று பொருள் மாறி, பிறகு அணியின் அடையாள உயிரி ஆனது. 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட்டில் வேட்டி கட்டி நின்ற ‘தம்பி’ குதிரையைத் தமிழ்ச் செய்திகள் ‘சின்னம்’ என்றே எழுதின. அதையே பின்பற்றலாம், முத்திரையோடு மயங்கும் இடத்தில் ‘அணிச் சின்னம்’ என்று அடை கொடுத்தால் போதும்.

இனித் தமிழ்ச் சொல். ‘தோல்கழுத்து’ என்று எழுதினால் கழுத்தின் மேல்தோல் என்றுதான் முதலில் படும். ஆங்கிலத்தில் உடல்தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் தனித்தனிச் சொல் உண்டு; நமக்கு இரண்டுக்கும் ‘தோல்’தான். ‘தோல்பட்டைக் கழுத்தர்’ என்றால் காதில் ‘தோள்பட்டை’ விழும். தோற்பாவைக் கூத்தின் வழியில் புணர்த்தி ‘தோற்கழுத்தர்’ எனலாம். இலக்கணம் சரிதான். ஆனால் சொல்லின் தலையில் ‘தோற்க’ வந்து நிற்கிறது. விளையாட்டு அணிக்கு அதைச் சூட்ட மனம் வராது. பழந்தமிழில் ‘தோல்’ கேடயத்தையும் குறிக்கும், தொல்காப்பியத்தின் உழிஞைத் துறையான ‘தோலின் பெருக்கம்’ அந்தப் பொருளில் வருவது. அழகான தொடர்புதான், ஆனால் இன்றைய வாசகருக்கு அது எட்டாது.

‘வார்’ இருக்கிறது. செருப்பு வார், பறைக்கு இழுத்துக் கட்டும் வார் என்று இன்றும் புழக்கத்தில் உள்ள சொல். தோலை அறுத்து எடுத்த பட்டை என்பது ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. ஆகவே வார்க்கழுத்தர். நடுவிலுள்ள ‘க்’ விடுபடக் கூடாது. ‘வார்குழல்’ என்றால் நீண்டு தொங்கும் கூந்தல். அதுபோல ‘வார்கழுத்து’ என்றால் வினைத்தொகையாகி நீண்ட கழுத்து என்று பொருள் மாறிவிடும். ‘வார்க்கழுத்து’ என்றால்தான் வாரைக் கட்டிய கழுத்து. ‘-அன்’ ஈற்றைவிட ‘-அர்’ ஈறு பொருத்தம். வெஸ்டர்ன் இல்லினாயின் பெண்கள் அணிகள் முன்பு ‘வெஸ்டர்விண்ட்ஸ்’ என்ற வேறு பெயரில் ஆடின. 2009 முதல் அவையும் லெதர்நெக்ஸ்தான். இரு பாலாரையும் குறிக்க ‘வார்க்கழுத்தர்’ இடம் தருகிறது.

எழுதும்போது முதல் முறை ‘வார்க்கழுத்தர் எனப்படும் லெதர்நெக்ஸ் அணி’ என்றும், பிறகு வார்க்கழுத்தர் என்று மட்டும் எழுதலாம். ‘மரைன்’ என்பதைக் ‘கடற்படை வீரர்’ என்று மாற்றாதீர்கள். இங்கே கடற்படை மாலுமி கேலி செய்தவன், மரைன் கேலிக்கு ஆளானவன். இருவரையும் ஒருவராக்கினால் பெயர் பிறந்த காரணமே தொலைந்துபோகும். ‘மரைன் படைவீரர்’ என்பது நாளிதழ்களில் பழகிய வடிவம். புல்டாக்கின் பெயரை ‘பாறைக் கர்னல்’ என்று பெயர்ப்பதும் தவறு. ‘ராக்’ ஹேன்சனின் பட்டப்பெயர், ஆட்பெயராகவே நிற்கட்டும்: கர்னல் ராக்.