சிடி வழியே சூரியனைப் பார்த்த பையன்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கண் பரிசோதனைக் கடை வைத்திருக்கிறேன். 2019 டிசம்பர் 26ஆம் தேதி சூரிய கிரகணம். மறுநாள் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி பேரனைக் கூட்டி வந்தார். "எழுத்துக்கு நடுவுல ஓட்டை தெரியுதுங்கறான், ஐயா." கட்டம் போட்ட அட்டையை நீட்டினேன். நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் கோடுகள் வளைவதாக விரல் வைத்துக் காட்டினான். எதை வைத்துப் பார்த்தாய் என்றதும் தலை குனிந்தது. வீட்டிலிருந்த பழைய பாட்டு சிடி.

"சிடியில வெளிச்சம் கலர் கலரா உடைஞ்சிடுதே, அப்புறம் எப்படி ஐயா சுடும்?"

பாதி சரியாகத்தான் யோசித்திருக்கிறான். சிடியில் மில்லிமீட்டருக்குச் சுமார் 625 தடங்கள், 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில். பாடநூல் இதைக் கீற்றணி என்கிறது. ஒவ்வொரு தடமும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். அடுத்தடுத்த தடங்களிலிருந்து வரும் அலைகள் கடக்கும் தூரங்களின் வித்தியாசம், அதாவது பாதை வேறுபாடு, எந்தக் கோணத்தில் ஒரு முழு அலைநீளம் ஆகிறதோ, அங்கே அந்த நிறம் வலுக்கும். மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒளி செங்குத்தாக விழுந்தால் 400 நானோமீட்டர் ஊதா சுமார் 14 பாகையில் நிற்கும். 700 நானோமீட்டர் சிவப்பு 26 பாகைவரை விலகும். முப்பட்டகத்தில் இது தலைகீழ், அங்கே ஊதாதான் அதிகம் வளையும். 1785இல் அமெரிக்க வானியலாளர் ரிட்டன்ஹவுஸ் தலைமுடிகளை வரிசையாகக் கட்டியே இதைச் செய்து பார்த்தார். குடைத்துணி வழியே தெருவிளக்கைப் பார்த்தாலும் கொஞ்சம் தெரியும்.

பையன் விட்ட மறுபாதி இது: நேராகப் போகும் ஒளிக்கு எந்த நிறத்திலும் பாதை வேறுபாடு பூஜ்யம். அங்கே எதுவும் பிரியாது. வெள்ளை வெள்ளையாகவே வரும். சிடியைக் கண்ணுக்கு நேரே பிடித்தவன் பார்த்தது அந்த ஒளியைத்தான். நடுவில் இருந்த தடுப்பு மெல்லிய அலுமினியப் பூச்சு ஒன்றே. அது பாட்டுக்காகப் பூசியது, கண்ணுக்காக அல்ல. எவ்வளவு ஒளியை விடும் என்று யாரும் அளந்து விற்பதில்லை. பேராவில் அன்று பகுதி கிரகணம்தான், மிச்சச் சூரியன் முழுச் சூட்டோடு இருந்தது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால்தான் பிள்ளைகள் அழாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். கோளாறு சில மணி நேரம் கழித்தே தெரியவரும்.

கிரகணத்துக்கு, சூரியனை நேராகப் பார்ப்பதற்கென்று வகுத்த ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரக் கண்ணாடிதான், அதுவும் கீறலில்லாமல். சிடி, எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது.

அன்றே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இதற்கு உறுதியான மருந்து இல்லை. பலருக்குச் சில மாதங்களில் தேறிவிடும், சிலருக்குப் புள்ளி நின்றுவிடும்.

மூன்று மாதம் கழித்து வந்தவனிடம் ஒரு சிடியைக் கொடுத்து, டியூப் லைட் வெளிச்சம் அதன்மேல் விழும்படி சாய்க்கச் சொன்னேன். நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாக நின்றன. எல்இடி பல்பின் கீழ் இடைவெளியில்லாமல் ஓடின. பச்சை, நீலம் என்று தவறாமல் சொன்னான். எழுத்தட்டையில்தான் கடைசி இரண்டு வரிகள் இன்னும் வரவில்லை.