விண்ணப்பத்தில் 'ஹார்ட்லி' எழுதாதீர்கள்

இந்த வருடத்தில் இது நாலாவது. போன வாரம் காசிமேட்டுத் தம்பி ஒருவர், வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பத்தியிலேயே "ஐ ஹார்ட்லி வொர்க்ட் ஃபார் டூ இயர்ஸ்" என்று இருந்தது. இரண்டு வருடம் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட் பார்த்த பையன். 'கடினமாக உழைத்தேன்' என்று சொல்ல நினைத்து, 'இரண்டு வருடமாக அநேகமாக வேலையே பார்க்கவில்லை' என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். "ஏற்கெனவே மூணு ஷிப்பிங் ஆபீஸுக்கு அனுப்பிட்டேன் சார்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

தமிழில் 'கடினமாக' முன்னால், 'உழைத்தேன்' பின்னால். அதே வரிசையில் 'ஹார்ட்' என்பதை முன்னால் வைக்கிறார்கள். அப்புறம், அட்வெர்ப் (வேலை எப்படி, எப்போது நடந்தது என்று சொல்லும் சொல்) என்றால் 'லி' வேண்டுமே என்று ஒட்டுகிறார்கள். 'ஹார்ட்' அப்படியே நிற்கும், வெர்புக்குப் பின்னால் வரும்: "ஐ வொர்க்ட் ஹார்ட்." 'லேட்' என்பதும் அப்படித்தான். 'லேட்லி' என்றால் 'சமீபகாலமாக'.

தண்டையார்பேட்டையில் பதினெட்டு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். என்னை அதிகம் கோபப்படுத்துவது ஒரே ஒரு வாக்கியம்: "அட்வெர்ப்பை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்." யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை, வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 'யெஸ்டர்டே', 'சம்டைம்ஸ்' போன்ற சில சொற்கள் முன்னாலும் பின்னாலும் நகரும், உண்மைதான். அதை வைத்து எல்லாம் நகரும் என்று முடிவு கட்டக்கூடாது. 'பிரியாணியை வேகமாகச் சாப்பிட்டான்', 'வேகமாகப் பிரியாணியைச் சாப்பிட்டான்' இரண்டும் நமக்குச் சரி. காரணம், 'பிரியாணியை' என்பதில் இருக்கும் அந்த 'ஐ'. எங்கே போனாலும் எது சாப்பிடப்பட்டது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். இங்லீஷில் அந்த உருபு கிடையாது. வெர்பை ஒட்டி நிற்கிற இடம்தான் ஆப்ஜெக்டுக்கு அடையாளம். அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் வேறு சொல்லை நுழைத்தால் காதில் இடிக்கிறது. "ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்லீஷ்" தப்பு. "ஷி ஸ்பீக்ஸ் இங்லீஷ் வெல்" சரி. விண்ணப்பம் எழுதுகிற அளவுக்கு இதற்கு விதிவிலக்கு தேடவேண்டாம்.

'ஆல்வேஸ்' குழப்பத்துக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அங்கே நிற்காத பிள்ளை என் வகுப்பில் இல்லை. "தி கேட் இஸ் ஆல்வேஸ் க்ளோஸ்ட்": 'இஸ்' இருந்தால் அதற்குப் பின்னால். "தே ஆல்வேஸ் க்ளோஸ் தி கேட்": மற்ற வெர்ப் தனியாக நின்றால் அதற்கு முன்னால். 'நெவர்', 'யூஷுவலி'க்கும் இதே இடம்தான்.

'ஒன்லி' இதைவிட ஆபத்து. நம் 'மட்டும்' தான் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். எழுத்தில் 'ஒன்லி' முன்னால் நிற்கும். "ஐ ஈட் ஒன்லி ஃபிஷ் ஆன் சண்டேஸ்" என்றால் ஞாயிற்றுக்கிழமை மீன் மட்டும்தான். "ஐ ஈட் ஃபிஷ் ஒன்லி ஆன் சண்டேஸ்" என்றால் மீன் சாப்பிடுவதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மீனுக்குப் பதிலாகச் சம்பளம், லீவு, ஷிஃப்ட் என்று போட்டுப் பாருங்கள், எங்கே போய் மாட்டுவீர்கள் என்று புரியும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வெர்பின்மேலும் விரல் வையுங்கள். ஆப்ஜெக்ட் பக்கத்திலேயே இருக்கிறதா? நடுவில் 'ஒன்லி' தவிர வேறு அட்வெர்ப் நின்றால் தூக்கிக் கடைசியில் போடுங்கள். 'ஹார்ட்லி' கண்ணில் பட்டால் அடித்துவிடுங்கள். செல்போனில் வருகிற திருத்தத்தை நம்பி உட்காராதீர்கள். "ஐ ஹார்ட்லி வொர்க்ட்" இலக்கணப்படி சரியான வாக்கியம், அது தப்பென்று காட்டாமலே போகலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "இவ்வளவு படிச்சும் இது தெரியாதா" என்று திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த தடவை யாரிடமும் காட்டாமலே அனுப்பிவிடும். அந்தத் தம்பியை மூன்று ஆபீஸுக்கும் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கொண்டுவாருங்கள். ஆறு மணிக்கு மேல் வகுப்பில்தான் இருப்பேன், பார்த்துக்கொடுக்கக் காசு வாங்குவதில்லை.