கரிச்சான் காவலில் ஒரு கலவைக் கூட்டம்

மார்கழி, தை மாதக் காலைகளில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரத்துக் காட்டோரப் பாதைகளில் பறவை பார்க்கச் செல்பவர்களுக்கு ஓர் அனுபவம் தவறாமல் வாய்க்கும். அரை மணி நேரம் நடந்தாலும் இலைகளிலிருந்து பனி சொட்டும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்காது. பிறகு ஒரே துரிஞ்சி மரத்தில் ஏழெட்டு இனப் பறவைகள் ஒன்றாக வந்திறங்கும். பத்து நிமிடத்துக்குள் மரம் மீண்டும் வெறிச்சோடிவிடும். புதிதாக வருபவர்கள் இதை அதிர்ஷ்டம் என்று கொள்கிறார்கள். ஆனால் பல இனப் பறவைகள் கூட்டாகச் சேர்ந்து இரை தேடியபடி காட்டைச் சுற்றிவருவது குளிர்கால ஏற்பாடு. இதைக் கலவைக் கூட்டம் என்பார்கள்.

அந்த மரத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும். உச்சிக் கிளைகளின் இலைகளில் சிறிய மின்சிட்டுகள் பூச்சி பொறுக்கும்; நடுப்பகுதியின் இலைக்கொத்துகளில் மாம்பழச்சிட்டும் பட்டாணிக்குருவியும் தலைகீழாகத் தொங்கியபடி இலையின் அடிப்புறத்தை ஆராயும்; பொன்முதுகு மரங்கொத்தி அடிமரத்தின் பட்டையைத் தட்டிப் பெயர்க்கும்; விசிறிவாலி வாலை விரித்து ஆட்டிக் கிளம்பும் பூச்சிகளைத் தாவிப் பிடிக்கும். எல்லோரும் உண்பது பூச்சிதான் என்றாலும், ஒருவர் கைவைக்கும் இடத்தில் மற்றவர் கைவைப்பது குறைவு.

இந்த ஏற்பாட்டின் அடிப்படையே இங்குதான் இருக்கிறது. சிறு பறவை தலையைத் தாழ்த்தி இரை தேடும் ஒவ்வொரு நொடியும் வானத்தைப் பார்க்காத நொடி. தலையை உயர்த்திப் பார்க்கும் ஒவ்வொரு நொடியும் உண்ணாத நொடி. கூட்டமாக இருந்தால் பல கண்கள் காவலுக்கு இருப்பதால் ஒவ்வொன்றும் குறைவாகப் பார்த்து நிறைவாக உண்ணலாம். முப்பது பறவைகளுக்கு நடுவே இருக்கும்போது வல்லூறு தன்னையே குறிவைக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் தன் இனத்தோடு மட்டும் கூடினால், ஒரே வகை இலையில் ஒரே வகைப் புழுவைத் தேடும் முப்பது போட்டியாளர்கள் சேர்ந்துவிடுவார்கள். வேற்றினத் துணையிடமிருந்தோ கண்கள் கிடைக்கின்றன. அலகின் போட்டி குறைவாகவே வருகிறது.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. டிசம்பர் இறுதியில் இப்பகுதியில் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் இலையுதிர் காடு காயத் தொடங்குகிறது, பூச்சிகளும் குறைகின்றன. இனப்பெருக்கக் காலம் அல்லாததால், கூட்டையோ குஞ்சையோ காக்க ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டிய தேவையும் பெரும்பாலான பறவைகளுக்கு இல்லை. இதற்கிடையே, பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் எடையைக்கூடத் தாண்டாத பச்சைக் கதிர்க்குருவி வடக்கிலிருந்து வலசை வந்து சேர்ந்திருக்கும். இது குளிர்காலத்திலும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக் காக்கும் பறவை. ஆகவே கூட்டம் தன் எல்லைக்குள் வரும்போது சேர்ந்துகொண்டு, எல்லை முடியுமிடத்தில் பெரும்பாலும் விலகிவிடுகிறது.

ஒரு தை மாதக் காலையில், இப்படியொரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ மெலிந்து நீண்ட ‘சீ’ என்ற ஒலி எழுந்தது. மரம் முழுவதும் உறைந்தது. எனக்கு நேரே இருந்த மாம்பழச்சிட்டு பச்சைப்புழு ஒன்றை அலகில் கவ்வியபடியே, விழுங்காமலும் விடாமலும் அசைவற்று நின்றது. சில நொடிகளில் ஒரு வல்லூறு மரத்தை ஒட்டித் தாழப் பறந்து சென்றது. ஒலி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வல்லூறுக்கும் அது கடினமே. இரு செவிகளுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்திலும் வலுவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கும் உச்சத்தொனி ஒலியில் அந்தத் தடயம் மிகவும் மங்கிவிடுகிறது. இந்த விளக்கத்தை 1955-இல் பறவையொலி ஆய்வாளர் பீட்டர் மார்லர் முன்வைத்தார். ஆந்தையைச் சூழ்ந்து விரட்டும்போது பறவைகள் எழுப்பும் கரகரப்பான, வெட்டுவெட்டான ஒலியோ இதற்கு நேர்மாறானது. ‘இங்கே வாருங்கள்’ என்று இடம் காட்டுவதே அதன் வேலை.

இந்தக் கூட்டத்தின் காவலர் பெரும்பாலும் கரிச்சான். ஊர்ப்புறத்தில் இரட்டைவால் குருவி என்பார்கள்; காகத்தையும் பருந்தையும் துரத்தியடிக்கும் துணிவால் வலியன் என்றும் பெயர் உண்டு. நம் வயல்களில் மேயும் மாட்டின் முதுகில் அது அமர்ந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மாட்டின் குளம்பு கிளப்பும் வெட்டுக்கிளிதான் அதன் குறி. காட்டுக்குள் வெண்வயிற்றுக் கரிச்சானும், குளிர்காலத்தில் வலசை வரும் சாம்பல் கரிச்சானும் இதே உத்தியைக் கையாள்கின்றன. இங்கே மாட்டின் இடத்தில் மரங்கொத்தியும் தவிட்டுக்குருவிகளும் இருக்கின்றன. இலைக்குள் தலையை நுழைக்காமல், திறந்த கிளையில் நிமிர்ந்தமர்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிப்பதால், ஆபத்தை முதலில் காண்பதும் பெரும்பாலும் கரிச்சானே. அதன் காவலுக்குக் கிளம்பிய பூச்சி கூலி.

கூலிக்கு மேல் அது களவும் செய்யும். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் கவைவால் கரிச்சான்களை ஆராய்ந்த டாம் ஃபிளவர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: பகைவர் எவரும் இல்லாதபோதே எச்சரிக்கை எழுப்பி, மற்றவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் அதை எடுத்துக்கொள்கின்றன, அவற்றின் உணவில் ஏறத்தாழ 23 விழுக்காடு இப்படித் திருடியது. ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மற்றவை நம்பிக்கை இழக்கும் என்பதால், வேற்றினங்களின் அபாயக் குரல்களையும் மாற்றி மாற்றிப் போலி செய்கின்றன. இலங்கையின் சிங்கராஜ வனத்திலோ, துடுப்புவால் கரிச்சான் பிற இனங்களின் குரலைப் போலி செய்து கூட்டத்தையே தன்னிடம் ஈர்க்கிறது என்பதை ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும் 2006-இல் காட்டினர். ஏமாற்றப்பட்டும் மற்ற பறவைகள் கரிச்சானை விட்டு விலகுவதில்லை. பொய்யான எச்சரிக்கைக்கு ஒரு புழுவை இழக்கலாம். மெய்யான எச்சரிக்கையைத் தவறவிட்டால் உயிரை இழக்க வேண்டியதுதான்.

ஆகவே இக்காடுகளில் பறவை தேடுபவர்கள் முதலில் கரிச்சானின் குரலுக்குச் செவி கொடுக்க வேண்டும். கூட்டத்தைத் துரத்தாமல், அது நகரும் திசையில் முன்னே சென்று அசையாமல் நிற்பது நல்லது. இங்குள்ள காடுகளில் பெரும்பரப்பு, 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் அடங்குவதால் வனத்துறை அனுமதி தேவை. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைகள் இவ்வழியே நடமாடும். வெளிச்சம் நன்கு பரவுமுன் இறங்க வேண்டாம்.

பங்குனி பிறந்ததும் கூட்டம் கலையத் தொடங்கும். மாம்பழச்சிட்டும் பட்டாணிக்குருவியும் இணை இணையாகப் பிரிந்து தத்தம் எல்லைகளில் பாடும். கதிர்க்குருவிகள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வடக்கே கிளம்பும். கரிச்சானும் தன் கூட்டுக்குக் கிளை பார்க்கத் தொடங்கிவிடும்.