தின்று கொழுத்த கண்மாய்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் போன மாதம் ஓர் ஆகாயத்தாமரைச் செடியைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதே தப்பு. அது எதையும் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. சும்மா தூக்கினேன், வந்துவிட்டது. காம்பு பலூன் மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே தெர்மாகோல் போல வெள்ளைப் பஞ்சு, பஞ்சுக்குள் காற்று. கீழே கோழி இறகு போல அடர்ந்த கருநீல வேர், ஒரு முழம் இருக்கும். மண்ணையே தொடாத செடிக்கு இவ்வளவு வேர் எதற்கு? தண்ணீரில் கரைந்து கிடக்கும் சாப்பாட்டை அரித்தெடுக்கத்தான்.

கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "வீட்டுக்கா கொண்டுபோறீக? வேணாம் தம்பி, இருபது நாள்ல வீட்டையே மூடிரும்" என்றார். அவர் கணக்கு ரொம்பப் பிசகில்லை. விதையை நம்பி இது காத்திருப்பதில்லை. பக்கவாட்டில் ஒரு தண்டை ஓடவிட்டு அதன் நுனியில் குட்டி போடும், குட்டியும் குட்டி போடும். தீனி தாராளமாக இருந்தால் இரண்டு வாரத்தில் மூடிய பரப்பு இரட்டிப்பாகிவிடும்.

சாக்கடை கலந்து தண்ணீர் விஷமாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். விஷமாகியிருந்தால் இது இப்படிச் செழிக்குமா? நடந்திருப்பது நேர்மாறு. கண்மாய்க்கு எல்லோரும் அளவில்லாமல் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உர மூட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டி.ஏ.பி. சாக்கில் 18:46 என்று போட்டிருக்கும். முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அடுத்தது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதோடு சேர்ந்த ஆக்சிஜனின் எடையையும் கூட்டிய கணக்கில். வயலில் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு வரத்துக்கால் வழியாக வருகிறது. மலமும் சாணமும் சுமந்துவருவதும் இதே இரண்டைத்தான்.

இதில் சூத்திரதாரி பாஸ்பரஸ். 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்று எண்ணிட்ட ஒரு காட்டு ஏரியை விஞ்ஞானிகள் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பாசி படர்ந்து பச்சையானது, மறுபக்கம் தெளிவாகவே கிடந்தது. பாசிக்கு இது மிகக் கொஞ்சம் போதும்: ஒரு கிராம் பாஸ்பரஸ் இருந்தால், காயவைத்த எடையில் சுமார் நூறு கிராம் பாசி வளரும். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டைக்குள் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பச்சையாக இருந்தால் என்ன குறைந்துவிட்டது? மீனைக் கேட்க வேண்டும். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். ஆகாயத்தாமரை மேலே கூரை போட்டதும் காற்று இறங்காது, வெளிச்சமும் இறங்காது. கீழே செத்து விழும் இலைகளை நுண்ணுயிர்கள் அழுகவைக்கும்போது இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடுகின்றன. விடிவதற்கு முந்தைய நேரம்தான் மோசம். அப்போது கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விராலும் பனையேறியும் நேரடியாகக் காற்றையே சுவாசிக்கும், அதனால் தாக்குப்பிடிக்கும். பத்து வகை மீன் இருந்த இடத்தில் மிஞ்சுவது இப்படிப்பட்ட ஒன்றிரண்டுதான்.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்புத் துரு பாஸ்பரஸின் உப்பான பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் துரு கரையும், பிடி விடும், பழைய பாஸ்பேட் மறுபடி தண்ணீருக்கு வந்துவிடும். இன்றைக்கே சாக்கடையை நிறுத்தினாலும் கண்மாய் சில வருடங்களுக்குத் தன் சேற்றையே தின்று கொழுக்கும்.

முன்பும் மாடுகள் கண்மாயில்தான் குளித்தன, ஊர்ச் சாணமும் அங்கேதான் போனது. ஆனால் வந்த சத்து வெளியே போவதற்கு வழி இருந்தது. கோடையில் கண்மாய் வற்றினால் வண்டி கட்டிக்கொண்டு போய் அடிவண்டலான கரம்பையை அள்ளி வயலில் கொட்டுவார்கள். மீன்பிடித் திருவிழாவன்று வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கி ஒரே நாளில் மீனை அள்ளிப்போகும். ஒவ்வொரு கெண்டையும் ஒரு சிட்டிகை பாஸ்பரஸ் என்று யாரும் அன்று நினைத்திருக்க மாட்டார்கள். மீன்பிடித் திருவிழா இன்னும் நடக்கிறது. கரம்பைக்குப் பதில் மூட்டை வந்துவிட்டது.

அந்த மூட்டை வருகிற இடம் தூரம். உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோ கையில். தோண்டத் தோண்டக் குறையும் பொருள் அது. நைட்ரஜனின் கதை வேறு: காற்றிலிருந்து அதைப் பிடிக்கும் வித்தையை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் செய்துகாட்ட, 1913இல் ஜெர்மனியில் ஆலை ஓட ஆரம்பித்தது. பூமி தாங்கும் ஒன்பது எல்லைகளில் ஆறைத் தாண்டிவிட்டோம் என்றது 2023இல் வந்த மதிப்பீடு. தாண்டியவற்றில் நைட்ரஜன்-பாஸ்பரஸ் ஓட்டமும் ஒன்று. சுரங்கத்தில் காலியாவதும் கண்மாயில் நிரம்பி வழிவதும் ஒரே பொருள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

செடியும் அசலூர்தான், அமேசான் படுகை. பூ அழகாக இருக்கிறதென்று ஆட்கள் கொண்டுபோய் வைத்தார்கள். 1936இல் வங்காளத்தில் இதை ஒழிக்கவென்றே தனிச் சட்டம் போட்டார்கள். 1980களில் இதைத் தின்னும் கூன்வண்டுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் அவை நன்றாகவே வேலை செய்தன. உலகில் மிக அதிகமாகப் பரவியிருக்கும் அந்நிய ஊடுருவி உயிரினம் இதுதான் என்கிறது 2023இல் வந்த ஐ.நா. ஆதரவு பெற்ற அறிக்கை.

வைகையிலும் கண்மாயிலும் ஜேசிபி விட்டு அள்ளுகிறார்கள். அள்ளட்டும்; சத்து வெளியே போக இப்போதைக்கு அதுதான் வழி. ஆனால் அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டால், அழுகி அடுத்த மழைக்கு உள்ளேயே இறங்கிவிடும். செடியின் எடையில் 95 சதவீதம் தண்ணீர் என்பதால் லாரி வாடகை யாருக்கும் கட்டுப்படியாவதில்லை. ரெண்டு நாள் காயவிட்டு எடுத்துப்போய் மக்கவைத்து வயலில் போடலாம், பழைய கரம்பை மாதிரி.

நான் தூக்கிவந்த செடி மாடியில் ஒரு வாளி மழைத்தண்ணீரில் கிடக்கிறது. முதல் மூன்று வாரம் குட்டி ஒன்றுகூடப் போடவில்லை. இலை வெளிறியது, வேர் மட்டும் தீனியைத் தேடி நீண்டுகொண்டே போனது. அம்மா பாவம் பார்த்து, அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் அதில் ஊற்ற ஆரம்பித்தார். நேற்றுப் பார்த்தேன். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு தண்டு, நுனியில் பச்சையாக ஒரு குட்டி.