முகத்தை வெளுக்கச் சொல்லாதீர்கள்

முகூர்த்த சீசன் முடிந்து ஆல்பம் டிசைன் தொடங்கும்போது இந்த போன் வராமல் இருப்பதில்லை: "சார், பொண்ணு முகத்தை மட்டும் கொஞ்சம் ஃபேர் பண்ணிடுங்க." இந்த முறை கேட்டவர் மாப்பிள்ளையின் அக்கா. பொண்ணு கேட்கவே இல்லை.

படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் ஏற்றி இறக்க ஒரு ஸ்லைடர் உண்டு; மாநிறத் தோல் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடருக்குள்தான் வரும். அதைத் தூக்கினால் முகத்தோடு சேர்ந்து மஞ்சள் சரடும் நகையும் வெளிறும், தங்கம் பித்தளையாகத் தெரியும். முகத்தை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது தனியாகத் தேர்ந்தெடுத்துத் தூக்கினாலோ கழுத்தும் கையும் வேறொருவருடையவை ஆகிவிடும். மேக்கப்காரர்களே, கழுத்துக்குப் பொருந்தாத ஃபவுண்டேஷனைப் போட்டு அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைக்காதீர்கள்.

கறுத்த தோலுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்று ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்கிறார்களே, அதுதான் பெரிய தவறு. நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிவதுபோல் மின்னும், கன்னத்தின் வளைவு தட்டையாகும். கறுத்த தோலுக்கு அழகே அதில் விழும் மினுமினுப்புதான். அது வர வெளிச்சம் பெரிதாக, மென்மையாக, பக்கவாட்டில் இருந்து வரவேண்டும். மணமகள் அறை ஜன்னல் போதும். முகத்துக்குச் சுமார் 45 டிகிரியில் ஜன்னல், மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை கறுப்பா விழுந்துட்டார்" என்பார்கள். அது அவர் நிறத்தின் குற்றமில்லை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் 18 சதவீதச் சாம்பலாக்க, அதாவது நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை வேட்டி சட்டை என்றால் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்), இல்லையென்றால் ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து, தோல் கறுப்பாக இருந்தால் அதற்கேற்பக் கொஞ்சம் குறையுங்கள். ஃபிரேம் முழுக்க அடர் அரக்குப் புடவை என்றால் நேர்மாறாக எக்ஸ்போஷரை இறக்குங்கள்.

மண்டபத்தில் ஊதா எல்இடி, மஞ்சள் சீரியல் பல்பு, வீடியோக்காரர் லைட் மூன்றும் ஒன்றாக எரிந்தால் விளக்கின் நிறத்தைச் சரிசெய்யும் எந்த ஒயிட் பேலன்ஸும் உதவாது. போர்ட்ரெய்ட் எடுக்கும் ஐந்து நிமிடமாவது ஊதாவை அணைக்கச் சொல்லுங்கள், கெஞ்சியாவது. பிறகு நிறத்தைத் திருத்த இடம் தரும் ரா ஃபைலில் எடுங்கள். புல்தரையில் நிறுத்தினால் தாடையில் பச்சை ஏறும், இடத்தை மாற்றுங்கள். போனில் எடுப்பவர்கள் முகத்துக்கு அருகே போகாமல் ஆறடி தள்ளி நின்று ஜூம் செய்தால் மூக்கு பெரிதாகத் தெரியாது.

ரீடச் செய்யும் தம்பிகளே, பருவை எடுங்கள், வியர்வையை எடுங்கள். மச்சத்தை எடுக்கும் முன் மட்டும் பொண்ணிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.