ரத்த அணுக்களின் கவுன்ட் நார்மல் ஆகிவிட்டது, இன்னும் எதற்கு மாத்திரை?

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பதில் செல்லுக்குள் இருக்கிறது.

‘பெருகு’ என்று வெளியிலிருந்து வரும் கட்டளை, ஒரு புரதம் இன்னொன்றைப் பிடிப்பதால்தான் செல்லுக்குள் நகர்கிறது. செல்லின் மேலிருந்து கட்டளையை வாங்கும் புரதமான ஏற்பியில், டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டியதும் கிரப்2 என்ற புரதம் அங்கே வந்து பிடித்துக்கொள்ளும். கூடவே சாஸ் புரதத்தையும் இழுத்து வரும். சாஸ், கட்டளையை உள்ளே கடத்தும் ராஸ் என்ற புரதத்தைச் செல் சவ்வில் தூண்டிவிடும். வேலை முடிந்தால் பாஸ்பேட் கழன்று எல்லாம் பிரிந்துவிட வேண்டும். சேர்வதைவிடப் பிரிவதுதான் முக்கியம் என்பேன்.

ஏபிஎல் (ABL) என்பது பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளில் ஒன்று. வழக்கமாக அது தன்மேலேயே மடங்கிப் பூட்டிக் கிடக்கும். அதன் நுனியிலுள்ள கொழுப்பு அமிலம் நொதியின் ஒரு குழிக்குள் செருகி அந்தப் பூட்டை இறுக்கும். இந்த நோயில் 9, 22 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிவிடுகின்றன. ஏபிஎல்லின் நுனி போய், அங்கே பி.சி.ஆர். (BCR) என்ற வேறொரு புரதம் ஒட்டிக்கொள்கிறது. பி.சி.ஆருக்குத் தன் இனத்தோடு சேரும் இயல்பு உண்டு. இணைந்த புரதங்கள் நான்கு நான்காகச் சேர்ந்து ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. பி.சி.ஆரின் 177ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறியதும் கிரப்2 அங்கே வந்து பிடித்துக்கொள்கிறது. கட்டளை எதுவும் வராமலே செல் பெருகிக்கொண்டிருக்கிறது.

2001-இல் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை, பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி மூலக்கூறு நொதியில் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். பழுதான மரபணு அப்படியே இருக்கிறது. மாத்திரையை விட்டால் மிச்சமுள்ள செல்களில் அந்தப் புரதம் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். அந்தச் செல்கள் சாதாரண கவுன்ட்டில் தெரியாது. பி.சி.ஆரும் ஏபிஎல்லும் ஒட்டிய அந்த இணைவு மரபணுவின் ஆர்.என்.ஏ-வை அளக்கும் பரிசோதனையில்தான் தெரியும். கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது அந்த ரிப்போர்ட்டைத்தான்.

அந்த அளவு சில ஆண்டுகள் மிகத் தாழ்ந்தே இருந்தவர்களுக்கு, நெருங்கிய கண்காணிப்போடு மருந்தை நிறுத்திப் பார்க்கிறோம். அப்போதும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். தாங்களாக நிறுத்துபவர்களை நினைத்து நான் கவலைப்படுவது இதனால்தான்.

தசைப்பிடிப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல் என்று தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். 2021-இல் அனுமதி பெற்ற அசிமினிப், நுனி போனதால் காலியாகக் கிடக்கும் அந்தக் குழிக்குள்ளேயே போய் உட்கார்ந்து ஏபிஎல்லை மறுபடி பூட்டுகிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதைப் பரிசோதித்துச் சொல்லலாம். அதுவரை மாத்திரையை விடாதீர்கள்.